பெற்றோர் பக்கம்

எந்திரிச்சிரலாம், இப்ப எந்திரிச்சாக்கூட ஒண்ணும் ஆகிறாது, ஹாலு இன்னும் நெறையல, புள்ளைக வந்துக்கிட்டுத்தான் இருக்குதுக, பாத்ரூம் போற மாதிரி எந்திரிச்சு, கடைசி வரிசை வழியாச் சுத்தி, புள்ளைக உக்காருற இடது பக்கம் போயி ஒரு ஓரத்துச் சேர்ல உக்காந்துட்டா யாரு கேக்கப் போறா. வாட்ச்மேன் சொன்னது ஒரே வார்த்தை, "பேரன்ட்ஸ் எல்லாம் வலது பக்கம்மா." தப்பாச் சொல்லல, மரியாதையா அம்மா போட்டுத்தான் சொன்னாரு. நான் பேரன்ட் இல்லண்ணே, ஸ்டூடன்ட்டுன்னு அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. பின்னாடி ரெண்டு புள்ளைக சிரிச்சுக்கிட்டு நின்னுச்சுக, என்னயப் பாத்துச் சிரிக்கல, அதுக பாட்டுக்கு எதையோ பேசிச் சிரிச்சுச்சுக, ஆனா அந்தச் சிரிப்பக் கேட்டதும் வாய்க்கு வந்தது தொண்டைக்குள்ள எறங்கிருச்சு. சரிண்ணேன்னு தலைய ஆட்டிட்டு வந்து உக்காந்துட்டேன். பேரு பாண்டிச்செல்வி, வயசு நாப்பத்தொண்ணு, பி.ஏ. வரலாறு முதலாம் ஆண்டு, மதிய ஷிப்ட்டு. இதைச் சொல்றதுக்கு எனக்கு என்ன கேடு வந்துச்சு? எல்லாம் இந்தச் சேலையால வந்த வினை. காலையில பீரோவத் தொறந்து வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நின்னேன். மெரூன் சுடிதார எடுத்து மேல வச்சுப் பாக்குறேன், சபரி தோசையப் பிச்சுக்கிட்டே சொல்றான், "ம்மா, சுடிதார் போட்டுட்டுப் போயி சின்னப்புள்ள மாதிரி நிக்காத, பாக்கச் சகிக்காது." பெத்த மகன். எஞ்சினியரிங் ரெண்டாம் வருசம். வெளையாட்டுக்குத்தான் சொன்னான், சும்மா சொன்னேம்மான்னு சிரிக்கவும் செஞ்சான், ஆனா அதுக்குப் பெறகு அந்தச் சுடிதாரத் தொட எனக்குக் கை வரல. சேலையே கட்டுவோம், கௌரவமா இருக்கும்னு இந்தக் காப்பிக்கலர் காட்டனக் கட்டி, முந்தானைய மடிச்சுப் பின் குத்தி, தெனமும் பல் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் குடுக்கப் போற மாதிரியே வந்து நிக்கிறேன். இப்படி வந்து நின்னா பேரன்ட்டுன்னு சொல்லாம என்னான்னு சொல்லுவாக. கெளம்பும்போது இன்னொண்ணும் சொன்னான், நல்லாப் போய்ட்டு வாம்மா, ஆனா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல மட்டும் போட்றாத.

இந்தப் பேரன்ட்ஸ் பக்கத்துச் சேரு எனக்குப் புதுசு இல்ல, அதுதான் எந்திரிக்க மாட்டேங்குது ஒடம்பு. போன வருசம் சபரி காலேஜ்ல இதே மாதிரி ஒரு நாளு, இதவிடப் பெரிய ஹாலு, ஏசி போட்டு, ஜில்லுனு, நானும் எங்க வீட்டுக்காரவுகளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம். மேடையில ஒரு மேடம் வந்து, இன்னையிலருந்து உங்க வாழ்க்கை உங்க கையிலன்னு சொன்னாக. எனக்குச் சொல்லல, புள்ளைகளுக்குச் சொன்னாக. என் நெஞ்சு எதுக்குத் திக்குன்னு அடிக்கணும்? அங்கிட்டுப் பாக்குறேன், சபரி பக்கத்துப் பையன்கிட்ட போன்ல எதையோ காமிச்சுக்கிட்டு இருக்கான், ஒரு வார்த்தை காதுல வாங்கல. அடப்பாவி, இந்த எடத்துல நான் உக்காந்திருந்தா ஒரு எழுத்து விடாம கேப்பேனேடான்னு தோணுச்சு பாரு, அப்ப வந்துச்சு ஒரு எரிச்சல். எரிச்சல்னு சொல்லிக்கிறேன். பொறாமை அது. வேற என்ன? பெத்த புள்ள மேல பொறாமைப்படுவாளா ஒருத்தி? அவன் நல்லா இருக்கணும்னுதான் சாமி கும்புடுறேன், அவன் பரீட்சைக்கு நான் தூங்காம இருந்திருக்கேன், எல்லாம் நெசந்தான், ஆனா அன்னைக்கு அந்த ஏசியில அவன் உக்காந்திருந்த சேரப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சதும் நெசம். வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளியக் கரைச்சுக்கிட்டே அழுதேன், அவுக வந்து என்னான்னு கேட்டாக, மொளகாத் தூளு கண்ணுல பட்டுருச்சுன்னேன். இப்படித்தான் எனக்கு எதையுமே நேராச் சொல்ல வராது. பெறகு ஒரு நாளு அவுக வேன் கழுவிக்கிட்டு இருந்தப்ப மெதுவா எடுத்துச் சொன்னேன், படிக்கலாம்னு இருக்கேன்னு. அவுக ஸ்கூல் வேன் ஓட்டுறாக, பேச்சு கம்மி. குழாய மூடிட்டு, "படிக்கிறதுன்னா படி, பாதியில விடக் கூடாது"ன்னாக. அம்புட்டுத்தான். அப்ளிகேசன் போட்டு சீட்டும் கெடச்ச பெறகு காலேஜ்லருந்து மெசேஜ் வந்துச்சு, மாணவிகள் பெற்றோர் ஒருவருடன் வரவும்னு. எங்க அப்பாவும் போய்ச் சேந்துட்டாக, அம்மாவும் இல்ல. "நான் வரட்டா?"ன்னு அவுக கேட்டாக. நீங்க என்ன எனக்கு அப்பாவான்னு சொல்லிச் சிரிச்சேன், அவுகளும் சிரிச்சாக. கெளம்பி வாசல்ல செருப்பு மாட்டும்போதுதான் பாத்தேன், வெள்ளைச் சட்டையத் தேச்சு ஹேங்கர்ல மாட்டி வச்சிருந்தாக. என்னத்துக்கு வேணாம்னேன்? புருசன் வந்து பொண்டாட்டியச் சேத்து விடுறான்னு நாலு பேரு பாப்பாகன்னா? பாத்தா என்ன? இப்ப ஒத்தையில உக்காந்து இருக்கது மட்டும் ரொம்ப லட்சணமாக்கும்.

"யக்கா, இங்க யாரும் வாராகளா?"ன்னு கேட்டுக்கிட்டே பதிலுக்குக் காத்திருக்காம பக்கத்துல உக்காருறா ஒருத்தி. என்னய விட நாலஞ்சு வயசு எளையவளா இருப்பா, தலை நெறைய மல்லிப்பூவு, மடியில ஒரு பெரிய பையி, பையில முறுக்கு வாசம். பேரு தவமணியாம், உசிலம்பட்டிப் பக்கமாம், மகளை வரலாறுல சேத்திருக்காளாம், ஹாஸ்டல்ல விடப் போறாளாம், எல்லாத்தையும் நான் கேக்காமயே சொல்லிட்டா. "அதோ, மொத வரிசையில ரெட்டைச் சடை, வர்ஷினி, அதுதான் எம்மக. உங்க புள்ள எதுங்கக்கா?" சொல்லிரு. செல்வி, சொல்லிரு, நான்தான் அந்தப் புள்ளைன்னு சொல்லிரு, அவ நல்லவளாத் தெரியுறா, சிரிச்சாலும் ஒருத்திதான சிரிக்கப் போறா. வாயத் தொறக்குறேன். வாயி வேலை செய்யல, கை எந்திரிக்குது. என் கைதான், கண்ணாடி வளையல் போட்ட என் சொந்தக் கை, அது பாட்டுக்கு எந்திரிச்சு இடது பக்கத்தக் காமிக்குது. "எது, பச்சைச் சுடிதாரா?" "ம்." முடிஞ்சுச்சு. ஆத்தாடி, என்ன காரியம் பண்ணிட்டேன். தவமணி எக்கி எக்கிப் பாக்குறா. "உங்க ஜாடையே இல்லையேக்கா, அப்பா ஜாடையோ?" "ஆமா, அவுக ஜாடைதான்." "என்ன பண்றாக அவுக?" "ஸ்கூல் வேன் ஓட்டுறாக." இது மட்டும் உண்மை. பொய்ய ஒரு வாய், உண்மைய ஒரு வாய்னு மாத்தி மாத்தி ஊட்டுறேன் அவளுக்கு, அவ எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு, பையிலருந்து முறுக்க எடுத்து என் கையில வைக்கிறா. வாங்கிக்கிட்டேன். கடிச்சா சத்தம் ஊருக்கே கேக்கும்போல இருக்கு, கடிக்காம கையில வச்சுக்கிட்டே இருக்கேன். "எம்மக பயந்த புள்ளைக்கா. ராத்திரி தனியா பாத்ரூம்கூடப் போகாது. உங்க புள்ள உள்ளூருதான, தெகிரியமாத் தெரியுது, கொஞ்சம் பாத்துக்கிறச் சொல்லுங்கக்கா"ங்குறா, கண்ணுல தண்ணி நிக்குது அவளுக்கு. சொல்றேம்மாங்குறேன். இல்லாத மகளுக்கு ஒரு பொறுப்ப ஏத்துக்கிட்டாச்சு.

அந்தப் பச்சைச் சுடிதாரு சும்மா இருக்கா? சடை நுனிய வாயில வச்சுக் கடிக்குது, போன நோண்டுது, மேடையில விளக்கேத்தும்போது எல்லாரும் எந்திரிச்சு நிக்க அது மட்டும் உக்காந்துக்கிட்டே இருந்து, பக்கத்துப் புள்ள இடிச்ச பெறகு எந்திரிக்குது. "என்னக்கா, உங்க புள்ள போன விடவே மாட்டேங்குது?"ன்னு தவமணி சொல்றா, எனக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "சொன்னாக் கேக்க மாட்டேங்குதும்மா"ங்குறேன். யாரு பெத்த புள்ளைக்கோ நான் வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கேன். இந்தக் கூத்த எங்கிட்டுப் போயிச் சொல்ல? மேடையில வரலாறு துறைத் தலைவி மைக்கப் பிடிக்கிறாக, கனத்த ஒடம்பு, மூக்குல வெள்ளைக்கல் மூக்குத்தி, நல்ல கணீர்க் குரலு. "பேர் கூப்பிடக் கூப்பிட மாணவிகள் பேரன்ட்டோட மேல வரணும், அல்லைடு பேப்பர், அதாவது துணைப்பாடம் என்ன எடுக்குறீங்கன்னு சொல்லணும், டூரிசமா, பொது நிர்வாகமா, ரெண்டுல ஒண்ணு. ரெண்டு தடவை கூப்பிடுவேன். வரலைன்னா அந்த சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போயிரும், அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோஜனம் இல்ல." வெளிய வராண்டாவுல வெயிட்டிங் லிஸ்ட்டுப் புள்ளைக வரிசையா நிக்கிறத வரும்போதே பாத்தேன். நான் உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்தாப் போதும், ஒரு புள்ளைக்கு வாழ்க்கை கெடச்சிரும். நல்லா இருக்குல்ல கேக்க? தியாகம்னு பேரு வச்சுக்கிறலாம். வீட்ல அவுககிட்ட, எனக்குப் பதிலா ஒரு ஏழைப் புள்ளைக்குக் குடுத்துட்டேன்னு சொன்னா நம்பிருவாக. அதுதான் பயமா இருக்கு, நம்பிருவாக. பொது நிர்வாகம் எடு, கவர்மென்ட் பரீட்சைக்கு உதவும்னு சபரி சொல்லியிருக்கான். நான் தலைய ஆட்டுனேன். ஆனா எனக்கு டூரிசந்தான் வேணும். காரணம் கேட்டா சிரிப்பாக. அதுல ஊர் ஊராக் கூட்டிட்டுப் போவாகளாம், அஜந்தா, எல்லோரான்னு, ரயில்ல. பழனியத் தாண்டி நான் எங்கயும் போனதில்ல. நாப்பத்தொரு வயசுக்காரி இந்தப் புள்ளைக கூட ரயில்ல உக்காந்து, அதுக பாட்டுப் பாட, நான் கை தட்ட, அய்ய, நெனச்சாலே கூசுது. கூசுது, வேணும்னும் இருக்குது. ஆஸ்பத்திரியில யாரும் இல்லாத நேரம் கண்ணாடிக்கு முன்னாடி நின்னு, "டூரிசம் மேடம்"னு சொல்லிப் பாத்திருக்கேன். நோயாளி யாரோ உள்ள வந்துட்டாக, பல்லுல ஏதோ மாட்டியிருக்குன்னு சமாளிச்சேன்.

"காவ்யதர்ஷினி"ன்னு மைக்கு கூப்பிடுது. பச்சைச் சுடிதாரு எந்திரிக்குது. "யக்கா, உங்க மகளக் கூப்பிடுறாக, போங்க போங்க"ன்னு தவமணி முழங்கைய வச்சு இடிக்கிறா. நான் அசையல. பின்வரிசையிலருந்து ஒரு ஆளு, மீசை வச்ச ஆளு, வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டு வேகமாப் போறாரு, அந்தப் புள்ள கூட மேடை ஏறுறாரு. "அது யாரு, உங்க வீட்டுக்காரரா?" ஐயோ. ஐயோ முருகா. வெள்ளைச் சட்டையத் தேச்சு வச்சுட்டு வீட்ல ஒரு மனுசன் இருக்க, நான் எவரோ ஒருத்தரைப் புருசன்னு சொல்லவா. "இல்லம்மா, மாமா." "தாய்மாமனா? உங்க கூடப் பெறந்தவரா?" "ம்." "அப்ப நீங்க ஏன்க்கா போகல? பெத்தவ நீங்க போயி நிக்க வேணாமா?" இதுக்கு ஒரு பொய்யும் கெடைக்கல. "எனக்குக் கூச்சமா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டேன். சொன்ன பெறகுதான் தெரியுது, இம்புட்டு நேரத்துல மனசாரச் சொன்னது இது ஒண்ணுதான்னு. தவமணி என் கையப் பிடிச்சுக்கிட்டா. "எனக்கும்தான்க்கா. நான் எட்டாப்புத்தான் படிச்சேன். இம்புட்டுப் படிச்சவுக முன்னாடி போயி நிக்கணுமேன்னு காலையிலருந்து பயமா இருக்கு." அவ கை சில்லுன்னு இருக்கு. இம்புட்டு நல்லவகிட்டயா இந்தப் பொய்ய அளந்து கொட்டிக்கிட்டு இருக்கேன். சொல்லிரலாமா இப்ப? இப்பச் சொன்னா அவ கைய எடுத்துக்கிருவா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் அந்தக் கை.

பச்சைச் சுடிதாரும் அந்த ஆளும் கீழ எறங்கி, நேரா வாசலப் பாத்துப் போறாக. போற போக்குல எங்க வரிசைப் பக்கம் திரும்பக்கூட இல்ல, அதுக எதுக்குத் திரும்பணும். "என்னக்கா இது, உங்கள விட்டுட்டுப் போறாக?"ன்னு பதறுறா தவமணி. "எந்திரிங்க, வெளிய போயித் தேடப் போறாக, இந்தாங்க உங்க பையி." என் பைய எடுத்து என் தோள்லயே மாட்டி விடுறா. உக்காந்திருக்க ஒரு காரணமும் இல்ல இப்ப எனக்கு. எந்திரிக்கிறேன். "மகராசியா இருங்கக்கா, எம்மகளை மறந்துறாதீக." மறக்க மாட்டேம்மா. நடைபாதைக்கு வந்துட்டேன், கையில முறுக்கு, முன்னாடி வாசலு, வாசலுக்கு அங்கிட்டு வெயிலு, வராண்டாவுல அந்த வெயிட்டிங் லிஸ்ட்டுப் புள்ளைக. போயிரலாம். கால் வாசலப் பாத்துத்தான் போகுது. அவுககிட்ட என்னமோ சொல்லிக்கிறலாம், சபரிக்கு நிம்மதியா இருக்கும், ஆஸ்பத்திரியில சாயங்கால ஷிப்ட்டும் கேக்கலாம், எல்லாருக்கும் நல்லது. நந்தினின்னு கூப்பிட்டாக, நிவேதான்னு கூப்பிட்டாக. "பாண்டிச்செல்வி." என் பேரு மைக்குல இம்புட்டுச் சத்தமா எனக்குக் கேட்டதே இல்ல, கல்யாண வீட்லகூட. கால் நின்னுருச்சு. பின்னாடி தவமணி பக்கத்தாள்கிட்ட சொல்லிச் சிரிக்கிறது காதுல விழுகுது, "பாண்டிச்செல்வியாம், பேரப் பாரேன், நம்ம காலத்துப் பேரா இருக்கு." இடது பக்கம் புள்ளைக ஒண்ண ஒண்ணு பாத்துக்கிருதுக, யாரும் எந்திரிக்கல. வாசலு நாலெட்டுல இருக்கு. "பாண்டிச்செல்வி, ரெண்டாவது தடவை. வரலையா? சரி, அடுத்து..." போச்சு, போகுது, அடுத்த பேருக்கு அந்தம்மா வாயத் தொறக்குறாக, "உள்ளேன் ஐயா!"

யாரு கத்துனது? நான்தான். பள்ளிக்கூடத்துல எங்க வாத்தியாரு பேரு வாசிக்கும்போது கத்துன அதே கத்து, அடிவயித்துலருந்து. முறுக்குப் பிடிச்ச கை மேல நிக்குது. இத்தனைக்கும் மைக்குல இருக்கது பொம்பளை. ஹாலு மொத்தமும் கொல்லுன்னு சிரிக்குது, புள்ளைக சிரிக்குதுக, பேரன்ட்ஸு சிரிக்கிறாக, அந்தம்மா மூக்குத்தி ஆடச் சிரிக்கிறாக. "மகள் எங்கம்மா?" "நான்தான் மேடம் பாண்டிச்செல்வி." சிரிப்பு பொசுக்குன்னு நின்னுருச்சு. அதுக்குச் சிரிப்பே தேவலை. நடக்குறேன். தவமணி வரிசையத் தாண்டித்தான் போகணும், தலையக் குனிஞ்சுக்கிட்டேன், அவ மூஞ்சிய நான் பாக்கல, பாக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு. மேடைப் படி. மேசை. "என்ன அல்லைடும்மா?" "டூரிசம் மேடம்." கண்ணாடி முன்னாடி சொன்னத அப்படியே சொல்லிட்டேன். "டூரெல்லாம் போகணும், தெரியும்ல? வீட்ல விடுவாங்களா?" "விடுவாக மேடம்." "சரி, பேரன்ட் யாரு வந்திருக்கா?" கீழ யாரோ களுக்குன்னு சிரிக்கிறாக. "யாரும் வரல மேடம்." அந்தம்மா பேனாவக் கீழ வைக்கிறாக, கோவமா இல்ல, பாவமாத்தான் பாக்குறாக, அது இன்னும் மோசம். "யாராச்சும் ஒருத்தர் வேணுமேம்மா. எல்லாருக்கும் அதான் ரூலு, உங்களுக்கு மட்டும் மாத்துனா மத்தவங்க கேப்பாங்க." ஓரக்கண்ணால கீழ பாக்குறேன், தவமணி சேரு காலியா இருக்கு. எந்திரிச்சுப் போயிட்டா. போகத்தான் செய்வா, பொய்க்காரி பக்கத்துல உக்காந்திருந்தோமேன்னு எடம் மாறிப் போயிருப்பா. அவுகளுக்குப் போன் பண்றேன் மேடம், வந்துருவாகன்னு சொல்ல வாயெடுக்குறேன், பின்னாடி படியில கொலுசுச் சத்தம், மல்லிப்பூ வாசம். "நான் வந்திருக்கேன் மேடம்." எட்டாப்புப் படிச்சவ, காலையிலருந்து பயந்துக்கிட்டே இருந்தவ, என்னய ஒட்டி வந்து நிக்கிறா. அந்தம்மா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"ங்குறாக. தவமணி முந்தானைய இழுத்துச் சொருகிக்கிறா. "வேண்டியவதான் மேடம். இந்தப் புள்ளையோட அம்மா கூச்சப்பட்டுக்கிட்டு கீழயே உக்காந்துட்டாக, அதான் நான் வந்தேன்"னு சொல்லிக்கிட்டே, மேசைக்கு அடியில, யாருக்கும் தெரியாம, என் கையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளுறா.